வேனுக்கு அடியில் 'டொக்' சத்தம்: எங்கிருந்து வருகிறது?

எங்கள் அப்பாவிடம் ஏழு பேர் உட்காரக்கூடிய வேன் ஒன்று இருக்கிறது. அதற்கு வயது 15. மாதம் ஒருமுறை அம்மாவைச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, சந்தைக்குப் போவது, தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகச் செல்வது எல்லாம் அதில்தான். கடந்த ஆண்டு இறுதியில் அந்த வேன் சத்தம் போடத் தொடங்கியது. குண்டும் குழியுமான சாலையில் போனால் முன்பக்கத்தில் 'டொக், டொக், டொக்' என்று கேட்கும். நல்ல சாலையில் ஏறிவிட்டால் சத்தமே இருக்காது.

"சத்தம் வந்தா அப்சோபர்தான், வேற என்ன?" என்றார் அப்பா. அவர் போன பட்டறையிலும் அதையே சொல்லியிருக்கிறார்கள். முன்பக்க அப்சோபர் இரண்டையும் மாற்றி, கூலியோடு 560 ரிங்கிட் கொடுத்துவிட்டு வந்தார். வீடு திரும்பும்போது தாமான் நுழைவாயிலில், பனைக்குலை லாரிகள் உடைத்துப் போட்ட அந்தச் சாலையில் வேன் மறுபடியும் 'டொக், டொக், டொக்' என்றது.

பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். கழற்றிய அப்சோபர்களில் ஒன்றில் எண்ணெய் கசிந்திருந்ததை நானே பார்த்தேன். அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சத்தத்துக்குக் காரணம் அது இல்லை. ஒரு பாகம் பழுதாக இருப்பது ஒரு செய்தி. நாம் தேடுகிற சத்தத்துக்கு அதுதான் காரணம் என்பது வேறு செய்தி. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை முடிவு செய்யும் பழக்கத்தை என் படிவம் 4 மாணவர்களின் ஆய்வறிக்கைகளில் வாராவாரம் சிவப்பு மையில் திருத்துகிறேன். அதற்கு அப்பா 560 ரிங்கிட் கொடுத்ததைப் பார்த்தபோதுதான், பள்ளி விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

சக்கரத்துக்கும் வேனுக்கும் இடையில்

சத்தத்தைத் தேடுவதற்கு முன், அங்கே என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். வேனின் எடையைத் தாங்குவது சுருள்வில். ஹூக்கின் விதி உங்களுக்குத் தெரிந்ததுதான்: வில்லை எவ்வளவு அழுத்துகிறோமோ அதற்கேற்ற விகிதத்தில் அது எதிர்த்துத் தள்ளும். ஒரு முன்சக்கரத்தின் வில்மீது வேனின் 320 கிலோகிராம் இறங்குகிறது என்றும், வில்லின் மாறிலி மீட்டருக்கு 20,000 நியூட்டன் என்றும் வைத்துக்கொள்வோம். எடை சுமார் 3,200 நியூட்டன். ஆக, வேன் சும்மா நிற்கும்போதே அந்த வில் 16 சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறது.

வில் மட்டும் இருந்தால் வேன் ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன எண்களை வைத்துக் கணக்கிட்டால் அந்த ஆட்டத்தின் அதிர்வெண் சுமார் 1.3 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஒரு முறைக்குச் சற்று அதிகம். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் அப்சோபரின் வேலை. அதற்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்படும்போது இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. வேனின் ஒரு மூலையைக் கையால் பலமாக அழுத்திவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். மேலே வந்து உடனே அடங்கினால் அப்சோபர் பெரும்பாலும் நலம். இரண்டு மூன்று முறை குதித்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. கொஞ்சமாகத் தேய்ந்த அப்சோபரை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வில்லையும் அப்சோபரையும் ஒரே தூணாக இணைத்து, அதன் அடியை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தும் அமைப்பை 1940களில் வடிவமைத்தவர் ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். இன்று நம் சாலையில் ஓடும் சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் அதுதான். அப்பாவின் வேனும் அப்படியே. அந்தக் கையைப் பட்டறையில் 'லோவர் ஆர்ம்' என்பார்கள். அதன் ஒரு முனை வேனின் அடிச்சட்டத்தோடு இரண்டு ரப்பர் புஷ்களால் இணைந்திருக்கும். மறுமுனையில் பால் ஜாயிண்ட். நம் தோள்மூட்டைப்போல ஒரு கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. எந்தப் பக்கமும் திரும்பும், ஆனால் கிண்ணத்தைவிட்டு வெளியே வராது. வரவும் கூடாது.

இன்னொரு பாகத்தையும் சொல்லவேண்டும். இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம்வரை குறுக்கே ஓடும் ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. இரு முனைகளும் பின்னோக்கி வளைந்து 'ப' வடிவில் இருக்கும். ஒவ்வொரு முனையையும் அப்சோபர் தூணோடு இணைப்பது விரல் தடிமனில் ஒரு சிறு தண்டு. கம்பிக்கு ஸ்டெபிலைசர் பார் என்றும் தண்டுக்கு ஸ்டெபிலைசர் லிங்க் என்றும் பெயர். வளைவில் திரும்பும்போது வேன் ஒரு பக்கமாகச் சாயாமல் பார்த்துக்கொள்வது இந்தக் கம்பிதான்.

துணி மாட்டும் பழைய கம்பி ஒன்றை 'ப' வடிவில் வளைத்து, நடுப்பகுதியை உங்கள் நண்பர் இரு கைகளாலும் தளர்வாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரு முனைகளையும் ஒன்றாக மேலே தூக்குங்கள். கம்பி சும்மா உருளும், எதிர்ப்பே இருக்காது. இப்போது ஒரு முனையை மட்டும் தூக்குங்கள். கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். இதை மறந்துவிடாதீர்கள், அப்பாவின் வேனில் முதல் துப்பு இதிலிருந்துதான் கிடைத்தது.

ரப்பர் இருக்கும்வரை சத்தம் இல்லை

இத்தனை இரும்புப் பாகங்கள் ஒன்றையொன்று தள்ளியும் இழுத்தும் ஓடும்போது புதிய வேன் ஏன் சத்தம் போடுவதில்லை? இடையில் ரப்பர் இருக்கிறது. பால் ஜாயிண்டில் இடைவெளி விடாத இறுக்கம் இருக்கிறது.

படிவம் 4 இயற்பியலில் கணத்தாக்கு விசை படித்திருப்பீர்கள். 30 கிலோகிராம் எடையுள்ள சக்கரத் தொகுதி நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உந்த மாற்றம் 15 நியூட்டன் நொடி. ரப்பர் அமுங்கி அதை 0.03 நொடியில் நிறுத்தினால் சராசரி விசை 500 நியூட்டன். ரப்பர் கிழிந்து, இரும்பு இரும்பில் மோதி 0.001 நொடியில் நின்றால் 15,000 நியூட்டன். உந்த மாற்றம் அதேதான். நேரம் குறைந்ததால் விசை 30 மடங்காகிவிட்டது. அந்தக் குறுகிய, பெரிய அடிதான் நமக்கு 'டொக்' என்று கேட்கிறது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியே அதற்குப் போதும்.

இங்கே ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் என்னால் நகர முடியாது. என் பாட்டி பால்மரம் வெட்டியவர். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் சில எங்கள் மாவட்டமான கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் நிற்கிறது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குச் சார்ல்ஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார். கந்தகம் நீண்ட ரப்பர் மூலக்கூறுச் சங்கிலிகளை அங்கங்கே குறுக்காகக் கட்டிப்போடுகிறது. அதனால்தான் ரப்பர் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. லட்சக்கணக்கான முறை வளைந்தும் எளிதில் கிழியாத குணத்துக்காக வாகன புஷ்களில் இயற்கை ரப்பரை இன்றும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் அந்தச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றில் இருக்கும் சிறிதளவு ஓசோன் அவற்றைத் தாக்கி வெட்டுகிறது. வெயிலும் எஞ்சின் சூடும் சிந்திய எண்ணெயும் சேர்ந்துகொள்கின்றன. முதலில் மேற்பரப்பில் மயிரிழைபோல் வெடிப்புகள் தோன்றும், பிறகு கிழிசல், பிறகு இடைவெளி. கிலோமீட்டர் அதிகம் ஓடாத வேன்கூட 15 வயதில் சத்தம் போடுவது இதனால்தான். ரப்பருக்கு வயதாவதற்கு வண்டி ஓடவேண்டியதில்லை.

காது ஏன் ஏமாறுகிறது?

"வலது பக்கம்தான் கேக்குது" என்று அப்பா உறுதியாகச் சொன்னார். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருக்கு அது வலது பக்கம். பின்னால் இருந்த அம்மாவுக்கு நடுவிலிருந்து வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த எனக்கு இடது பக்கம் என்று தோன்றியது. மூவரும் பொய் சொல்லவில்லை.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. எஃகில் 5,000 மீட்டருக்கும் மேல். சக்கரத்தருகே எழும் அடி காற்று வழியே வருவதற்கு முன்பே இரும்புச் சட்டத்தில் ஓடி, தரைத்தகடு, கதவு, முகப்புப் பலகை என எல்லாவற்றையும் அதிரவைத்துவிடுகிறது. நம் காதுக்கு வருவது அந்தத் தகடுகளின் சத்தம். அதோடு, ஒலி எந்தப் பக்கம் என்று மூளை கண்டுபிடிப்பதற்கு, அது இரு காதுகளையும் வந்தடையும் நேர வித்தியாசமும் ஒரு வழி. அதிகபட்சமே ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஆறேழு பங்குதான். 100 ஹெர்ட்ஸ் அளவிலான ஆழ்ந்த 'டொக்'கின் அலைநீளம் 3.4 மீட்டர், வேனின் உட்பகுதி முழுவதையும் நிரப்பிவிடும். மூடிய பெட்டிக்குள் அது எதிரொலித்துக் கலந்த பிறகு பக்கம் பிரித்துச் சொல்வது கடினம்.

ஆக, 'எங்கே கேட்கிறது?' என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, 'எப்போது கேட்கிறது?' என்ற கேள்வியை எடுத்துக்கொண்டேன். நேரத்துக்கு ஆதாரம் கிடைக்கும். நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டேன். சாலை, வேகம், திரும்புதல், பிரேக் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும், மற்றவற்றை அப்படியே வைத்திருக்கவேண்டும். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று ஆரம்பப் பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

பலகையும் ஒரு நொடியும்

முதல் வேலை, வேனைக் காலி செய்வது. சிரிக்காதீர்கள். சத்தம் தேடிப் பட்டறைக்கு வரும் வண்டிகளில் சிலவற்றில் குற்றவாளி, சரியாகத் திருகாத ஜாக் அல்லது கழன்ற உதிரிச் சக்கரம். எங்கள் வேனின் மூன்றாம் வரிசை இருக்கைக்கு அடியிலிருந்து, தீபாவளியிலிருந்து அம்மா தேடிக்கொண்டிருந்த எவர்சில்வர் அடுக்குச் சட்டி கிடைத்தது. பின்பக்கத்திலிருந்து வந்த 'கிளிங்' அதோடு நின்றது. முன்பக்க 'டொக்' நிற்கவில்லை.

அடுத்தது தாமானில் உள்ள வேகத்தடை மேடு. அப்பா மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அந்த வேகத்தில் வேன் நொடிக்கு 2.8 மீட்டர் நகர்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.75 மீட்டர். எனவே முன்சக்கரம் ஏறிய ஒரு நொடிக்குப் பிறகு பின்சக்கரம் ஏறும். சத்தம் உடனே வந்தால் முன்பக்கம். ஒரு நொடி கழித்து வந்தால் பின்பக்கம். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சத்தமே வரவில்லை! ஐந்து முறை ஏறி இறங்கியும் வரவில்லை. அப்பாவுக்கு எரிச்சல். எனக்கோ அதுதான் அன்றைய நாளின் மிக நல்ல செய்தி.

மேடு சாலையின் முழு அகலத்துக்கும் இருக்கிறது. இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறுகின்றன. அப்போது எந்தப் பாகத்துக்கு வேலையே இல்லை? துணிக்கம்பியை நினைத்துப் பாருங்கள். ஸ்டெபிலைசர் பார் வெறுமனே உருளும். அதன் லிங்குகளில் விசை விழாது. லாரிகள் உடைத்த சாலையிலோ இடது சக்கரம் குழியில் இருக்கும்போது வலது சக்கரம் மேட்டில் இருக்கும். கம்பி நொடிக்குப் பல முறை இப்படியும் அப்படியும் முறுக்கப்படும்.

இது கருதுகோள்தான், முடிவு இல்லை. அதைச் சோதிக்க, பொது மண்டபத்துக்குப் பின்னால் உள்ள வெற்றுத் திடலில் 4 சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு பலகையைப் போட்டேன். அதே 10 கிலோமீட்டர் வேகம். இடது சக்கரங்கள் மட்டும் அதன்மேல் ஏறின. உடனே 'டொக்'. ஒரு நொடி கழித்துப் பின்சக்கரம் ஏறியபோது ஒன்றுமில்லை. ஆக முன்பக்கம். பிறகு வலது சக்கரங்களை மட்டும் ஏற்றினோம். அப்போதும் 'டொக்'. "நான் சொன்னேன்ல, வலது பக்கம்!" என்றார் அப்பா. அங்கே நானும் சற்றுக் குழம்பினேன். பிறகுதான் புரிந்தது. கம்பி ஒன்று, முனைகள் இரண்டு. எந்தச் சக்கரம் ஏறினாலும் முறுக்கம் இரண்டு லிங்குகளுக்கும் போகும். எந்தப் பக்கம் என்பதைப் பலகை சொல்லாது, கைதான் சொல்லவேண்டும்.

எஞ்சினை அணைத்து, சமதளத்தில் கைபிரேக் போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பியதும் சக்கரத்தின் பின்னால் கை நுழையும் அளவுக்கு இடம் கிடைத்தது. வேன் தன் நான்கு கால்களிலும் சமமாக நிற்கும்போது லிங்கில் விசை அதிகம் இருக்காது. தேய்ந்திருந்தால் கையாலேயே ஆட்டிப் பார்க்கலாம். வலது லிங்க் அசையவில்லை. இடது லிங்கைப் பிடித்து ஆட்டினேன். 'டக் டக்' என்று அதே சத்தம், சின்னதாக.

அதோடு எங்கள் வேலையை நிறுத்திக்கொண்டோம். மாணவர்களே, இதுவரை நான் செய்ததில் எதற்கும் வேனைத் தூக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜாக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது. நீங்களும் கூடாது, உங்கள் அப்பாவும் கூடாது. ஜாக் சக்கரம் மாற்றத் தூக்குவதற்கு. தாங்கி நிற்பதற்கு இல்லை.

இரண்டாவது சத்தம்

வேறொரு பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த போர்மேன் அண்ணன் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் நான் கேட்டதைச் செய்தார். புதிய லிங்கை வாங்கச் சொல்வதற்கு முன், பழைய லிங்குகள் இரண்டையும் கழற்றிவிட்டு மெதுவாக ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். உடைந்த சாலையில் சத்தம் இல்லை. சந்தேகப்படும் காரணத்தை நீக்கினால் விளைவும் நீங்குகிறதா என்று பார்ப்பது இதுதான். லிங்க் இல்லாமல் வேன் வளைவில் அதிகம் சாயும் என்பதால் அவர் வேகமாக ஓட்டவில்லை. புதிய லிங்குகள் இரண்டும் சேர்த்து 110 ரிங்கிட்.

அப்பா பணத்தை எடுத்துவிட்டார். வியாழக்கிழமை அம்மாவுக்கு ஈப்போவில் மருத்துவர் பார்க்கும் நாள், அதற்குள் முடிந்ததே என்ற நிம்மதி அவருக்கு. ஆனால் என் கட்டத்தில் ஒரு வரி விளக்கம் இல்லாமல் கிடந்தது. 'சிவப்பு விளக்கில் பிரேக். ஒரே ஒரு டுக். மெல்ல. மறுபடி கிளம்பும்போது இன்னொன்று.' சமமான சாலையில் நேராகப் போய் பிரேக் போட்டால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்வதில்லை. லிங்க் அந்தச் சத்தத்தைப் போட முடியாது.

அண்ணனிடம் சொன்னேன். பெரிய சத்தம் போனபின் சின்னச் சத்தம் இப்போது நன்றாகக் கேட்டது. உரத்த ஒலி மெல்லிய ஒலியை மறைப்பது காதின் இயல்பு; அப்பாவுக்கு இத்தனை நாள் அது கேட்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அண்ணன் வேனைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தினார். இடது சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்டினார். லேசான அசைவு. உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினார். அசைவு அப்படியே இருந்தது. சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருந்தால், பிரேக் சக்கரத்தை அதன் தாங்கியோடு இறுகப் பிடித்ததும் அசைவு மறைந்திருக்கும். மறையவில்லை, எனவே பேரிங் இல்லை. பிறகு ஒரு நீண்ட கடப்பாரைக் கம்பியை லோவர் ஆர்முக்கு அருகே கொடுத்து நெம்பினார். நெம்புகோல்தான், படிவம் 2 பாடம். பால் ஜாயிண்டின் உருண்டை கிண்ணத்துக்குள் மேலும் கீழும் துள்ளியது. அதை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், மழைநீர் புகுந்து துரு ஏறியிருந்தது.

அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. "டீச்சர், இத இன்னிக்கே மாத்தணும். ஈப்போ போய்ட்டு வந்து பாக்கலாம்னு நெனைக்காதீங்க."

ஏன் என்று சொல்கிறேன். ஸ்டெபிலைசர் லிங்க் உடைந்தால் வேன் வளைவில் அதிகம் சாயும். அது நல்லதில்லை, ஆனாலும் வீடு வந்து சேர்ந்துவிடலாம். பால் ஜாயிண்டின் உருண்டை கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிட்டால், சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடிக்க எதுவும் இருக்காது. சக்கரம் மடங்கிக்கொள்ளும், வேனின் மூலை சாலையில் இறங்கும், ஸ்டியரிங் கட்டுப்பாடு போய்விடும். சாலையோரத்தில் ஒரு முன்சக்கரம் மட்டும் விநோதமாகப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும் கார்களை நீங்களும் பார்த்திருக்கலாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில், பின் இருக்கையில் அம்மாவோடு அது நடந்திருந்தால் என்ற எண்ணம் வந்தபோது நான் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு சத்தங்களில் உரத்தது ஆபத்து குறைந்தது, மெல்லியது உயிரோடு விளையாடுவது. லிங்கில் விசை நொடிக்கு நொடி திசை மாறும், ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கடந்து அடிக்கும். அதனால் ஓயாத சத்தம். பால் ஜாயிண்ட் பெரும்பாலான நேரம் ஒரே பக்கமாக அழுத்தப்பட்டிருக்கும். பிரேக் போடும்போதுதான் உருண்டை கிண்ணத்தின் மறுபக்கத்துக்கு நகர்ந்து ஒருமுறை 'டுக்' என்கிறது. பெரிய சத்தம் போனதும் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்போம்.

புதிய லோவர் ஆர்ம் பால் ஜாயிண்ட், புஷ்களோடு சேர்ந்தே வந்தது. பொருத்தும்போது அண்ணன் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவர் இறுக்கவில்லை. வேனின் எடை சக்கரத்தில் இறங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே இறுக்கினார். புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். அது சுழலாது, முறுக்கிக்கொண்டுதான் இடம் கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வேன் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். கடைசியாகச் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்தார்கள். லோவர் ஆர்ம் மாற்றினால் அதைத் தவிர்க்கக்கூடாது.

உங்கள் வீட்டு வண்டியிலும் சத்தம் இருந்தால், இன்னும் சில துப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வில் துள்ளுவதுபோல் 'டொய்ங்' என்றால், அப்சோபர் தூணின் உச்சியில் உள்ள தாங்கியைச் சந்தேகிக்கலாம். பிரேக்கில் 'டுக்' என்றால் எங்களுக்குப் பால் ஜாயிண்டாக இருந்ததுபோல, லோவர் ஆர்ம் புஷ்ஷாகவும் இருக்கலாம்; கியரைப் பின்னோக்கி மாற்றும்போதும் 'டுக்' என்றால் எஞ்சின் தாங்கிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும்போது வேகத்துக்கேற்ப 'டக்டக்டக்' என்று எண்ணக்கூடியதாக வந்தால் அது சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்று, பெரும்பாலும் சக்கரத்துக்குச் சுழற்சி கொடுக்கும் அச்சின் மூட்டு. இதைக் கணக்கிலும் சரிபார்க்கலாம். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர், 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு மூன்று முறை சுழலும்.

எங்கள் பழைய லோவர் ஆர்மை அண்ணனிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பள்ளி ஆய்வுக்கூடத்தின் பின்மேசையில் இருக்கிறது. பக்கத்தில், அவரே கொடுத்த, இன்னும் தேயாத வேறொரு பால் ஜாயிண்ட். அதை இரு கைகளாலும் முறுக்கினால்தான் அசையும். பழையதை ஒரு விரலால் தள்ளினாலே ஆடும், காதருகே வைத்தால் 'டுக்' கேட்கும். போகிற வருகிற மாணவர்கள் எல்லாரும் ஒருமுறை அதை ஆட்டிவிட்டுத்தான் நகர்கிறார்கள். சென்ற வாரம் படிவம் 4 மாணவி ஒருத்தி அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், எங்க ஸ்கூல் வேன் பிரேக் போடறப்போ இப்படித்தான் கேக்குது" என்றாள். பள்ளி முடியும் மணி அடிக்க இன்னும் 20 நிமிடம் இருந்தது. வேன் அண்ணனின் கைப்பேசி எண்ணை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.